வெள்ளித் தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு பிபிஎம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வீட்டிலேயே இரண்டு வெள்ளிக் கம்பி, வரிசையாகக் கோத்த மூன்று 9 வோல்ட் பேட்டரி, ஒரு கண்ணாடி ஜாடி, டிஸ்டில்டு வாட்டர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு, மருந்து என்று நம்பிக் குடிக்கும் வெள்ளித் தண்ணீரை, அதாவது கொலாய்டல் சில்வரைத் தயாரிக்கிறாராம். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் மீட்டர் 10, 15 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு) தாண்ட மறுக்கிறதாம். 100 பிபிஎம்முக்குக் கொண்டுபோக என்ன வழி என்று கேட்டிருந்தார். நீங்கள் 'மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது வேதியியல் கேள்வி. எந்த மருத்துவரிடம் போய் அவர் மின்பகுப்பைப் பற்றிக் கேட்பார்? பதில் கிடைக்காதவர் அடுத்ததாகப் போய் நிற்கும் இடம் யாரோ ஒருவருடைய வீடியோவாகத்தான் இருக்கும். அங்கே தயங்காமல் பதில் சொல்வார்கள். அதனால் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதுவும் வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே சேலத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீட்டர் ஏன் 15க்குப் பக்கத்திலேயே நிற்கிறது? கைவேலையில் குறை இருப்பதால் அல்ல. மின்சாரம் பாயும்போது பிளஸ் பக்கத்துக் கம்பியிலிருந்து வெள்ளி, அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாகக் கழன்று தண்ணீருக்குள் வருகிறது. தண்ணீரில் அதற்குத் துணையாக வேறு உப்பு எதுவும் இல்லை, ஹைட்ராக்சைடு மட்டும்தான். இரண்டும் சேர்ந்தால் சில்வர் ஆக்சைடு. அது அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 13 முதல் 25 மில்லிகிராம் வரைதான் கரையும், தண்ணீரின் சூட்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதுதான் ஒரு பிபிஎம். அந்த எல்லை வந்த பிறகு நீங்கள் கம்பியிலிருந்து எவ்வளவு வெள்ளியைக் கழற்றினாலும் அது கரைந்து நிற்காது, கறுப்பாகவோ பழுப்பாகவோ அடியில் படியும், இல்லாவிட்டால் மைனஸ் பக்கத்துக் கம்பியில் போய்ப் பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும். அந்தப் பஞ்சைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அப்படியானால் அவர் ஜாடியில் இருப்பதில் பெரும்பகுதி கொலாய்டே கிடையாது, கரைந்த வெள்ளி அயனி. கொலாய்டு என்றால் நுண்ணிய உலோகத் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்க வேண்டும். லேசர் பாயின்டரை ஜாடிக்குக் குறுக்கே அடித்தால் கோடு தெரிவது துகளால்தான், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் டிண்டால் விளைவு என்று தெரியும். வீட்டு முறையில் துகளும் கொஞ்சம் உண்டாகிறது, ஆனால் கூடுதல் பங்கு அயனிதான்.

இங்கேதான் மீட்டர் விஷயம் வருகிறது. ஆர்.ஓ. மெஷின்காரர் பையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அது வெள்ளியை அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, 'சாதாரண உப்பு மாதிரி இருந்தால் இவ்வளவு இருக்கும்' என்று ஒரு பெருக்கல் போட்டு எண்ணைக் காட்டுகிறது. துகளாக மிதக்கும் வெள்ளி அதன் கண்ணில் படாது. காற்றிலிருந்து கரியமில வாயு கரைந்தாலே எண் லேசாக ஏறும். ஆகவே 15 என்று காட்டினால் அது 15 பிபிஎம் வெள்ளி என்று அர்த்தம் இல்லை. மொத்த வெள்ளி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அமிலத்தில் கரைத்து ஆய்வுக்கூடத்தில் அணு உறிஞ்சல் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்கிறேன் என்பதும் நடக்காது. நுண்ணிய வெள்ளித் துகள் ஊதா நீலப் பகுதி ஒளியை, 400 நானோமீட்டருக்குப் பக்கத்தில், பிடித்துக்கொள்வதால் தண்ணீர் மஞ்சளாகத் தெரிகிறது. துகள் பெருத்தால் நிறம் மாறும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சாம்பலாகிவிடும். அதே அளவு வெள்ளி மஞ்சளாகவும் இருக்கலாம், சாம்பலாகவும் இருக்கலாம்.

கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஃபாரடே விதி இருக்கிறது. ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கழலும், அதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது. ஒரு லிட்டரில் அதுவே 4 பிபிஎம். 10 மில்லி ஆம்பியர் விட்டால் மணிக்கு 40 என்று காகிதத்தில் வரும். அந்த 40 தண்ணீரில் நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்காது, மேலே சொன்ன எல்லை குறுக்கே வரும். இன்னொன்று, தொடக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது, அயனி சேரச் சேரக் கடத்தும், கடத்தக் கடத்த இன்னும் வேகமாகக் கழலும், கடைசி நேரத்தில் கட்டுக்கு அடங்காமல் ஓடித் துகள்களும் பெரிதாகிவிடும். அதனால்தான் இரவு தூங்கப்போகும்போது போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்பவர்களுக்குக் கறுப்புக் கலங்கல் கிடைக்கிறது.

சரி, இந்த எல்லையைத் தாண்ட ஊரில் என்னென்ன யோசனை சொல்கிறார்கள்? முதல் யோசனை உப்பு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் மின்சாரம் சரசரவென்று பாயும், மீட்டரும் எகிறும், தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். பலரும் இதைப் பார்த்து 'ஆகா, கெட்டியாகிவிட்டது' என்று மகிழ்ந்துபோகிறார்கள். அந்த வெளுப்பு சில்வர் குளோரைடு. வெயிலில் வைத்தால் சாம்பல் ஊதாவாக மாறும், பழைய போட்டோ தாள் கறுத்ததும் இதே வேதிவினைதான். இந்த வினையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மீட்டரில் எகிறிய எண்ணில் பாதிக்கு மேல் நீங்கள் போட்ட உப்பின் எண்.

அடுத்த யோசனை, சூடாக்குவது. சூடான நீரில் ஆக்சைடு கூடுதலாகக் கரையும், உண்மைதான், 80 டிகிரியில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல்கூடப் போகும். ஆறினதும் என்ன ஆகும்? அதிகப்படி எல்லாம் திரும்ப வெளியே வந்து படியும். சுண்டக் காய்ச்சுவதும் இதே கதை.

வீட்டில் பேட்டரி வாட்டரைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாமலே விடுகிறேன். ஆனால் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊர்ச் சமாச்சாரம். பட்டறையில் மிச்சம் கிடந்த கொலுசுக் கம்பியை வாங்கிக்கொண்டு போய் 'வெள்ளிதானே' என்று ஜாடியில் தொங்கவிடுகிறார்கள். கொலுசு வெள்ளி சுத்த வெள்ளி கிடையாது, செம்பு கலந்தது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று கேட்டுத்தான் விலையே பேசுவோம், இது கடைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். பற்றவைத்த இடத்தில் வேறு உலோகங்களும் இருக்கும். பழைய நகை என்றால் காட்மியமாகக்கூட இருக்கலாம். மின்சாரம் வெள்ளியை மட்டும் பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் விடாது, செம்பையும் சேர்த்துத்தான் கழற்றிவிடும். லேசாகப் பச்சையோ நீலமோ தட்டினால் அது வெள்ளியின் மகிமை இல்லை.

உண்மையிலேயே பிபிஎம்மை ஏற்றும் வழி ஒன்று இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கழலும் அயனியை உடனுக்குடன் உலோகத் துகளாக மாற்றுவதற்கு குளுக்கோஸ் மாதிரி ஒரு பொருள், உண்டான துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்த்திக்கொள்ள ஜெலட்டின் மாதிரி ஒரு பொருள். ஆக்சைடின் கரைதிறன் எல்லை அயனிக்குத்தான், துகளுக்கு இல்லை. எனவே போர்வை நன்றாக இருந்தால் நூற்றுக்கணக்கான பிபிஎம்கூட நிற்கும். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இது ஒன்றும் இணையத்தில் நேற்றுக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. மேத்யூ கேரி லீ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1889லேயே சிட்ரேட்டை வைத்து மிகச் செறிவான வெள்ளிக் கூழ்மம் (கொலாய்டு) தயாரித்துக் காட்டினார். அடுத்த பத்தாண்டில் டிரெஸ்டன் நகர அறுவை மருத்துவர் பென்னோ கிரேடே அதை 'காலர்கால்' என்ற மருந்தாகக் கொண்டுவந்தார். இவருடைய அப்பா கார்ல் கிரேடேதான் பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டுக் கண்பார்வை போவதைத் தடுத்தவர், அதற்காக அவரை எத்தனை பாராட்டினாலும் தகும். 1902ல் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பவரும் கூட்டாளியும் வெள்ளியைப் புரதத்தோடு சேர்த்து 'ஆர்ஜிரால்' என்று விற்கத் தொடங்கி, கொள்ளை லாபம் பார்த்தார்கள். அந்தக் காசில் பார்ன்ஸ் வாங்கிக் குவித்த ரென்வாரும் செசானும் மத்தீஸும் இன்றைக்கும் ஃபிலடெல்ஃபியாவில் அவர் பெயரிலேயே இருக்கும் ஓவியக் கூடத்தில் தொங்குகின்றன. ஆர்ஜிராலால் உலகத்துக்குக் கிடைத்த நிலையான லாபம் அதுதானோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

நான் சொல்ல வருவது இதுதான். செறிவைக் கூட்டும் பிரச்சினை 130 வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. வேண்டிய அளவு கெட்டியான வெள்ளி மருத்துவர்கள் கையில் இருந்தது, பாட்டில் பாட்டிலாக இருந்தது. இருந்தும் உள்ளுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். செறிவு போதாமல் விட்டதாக நினைக்கக் கூடாது. பென்சிலின் மாதிரியான மருந்துகள் வந்தன, வெள்ளியோ உள்ளே போனால் வேலை செய்வதைவிடத் தோலில் போய்த் தங்குவதையே உருப்படியாகச் செய்தது. 1999ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கடையில் சீட்டில்லாமல் விற்கும் கொலாய்டல் சில்வர் மருந்துகள் எதையும் பாதுகாப்பானது என்றோ பலன் தருவது என்றோ ஏற்க முடியாது என்று இறுதி விதியே போட்டுவிட்டது.

அப்புறம் அளவுக் கணக்கு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500இல் வெள்ளிக்கு எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். உங்கள் வாசகர் 'வெறும் 10' என்று வருத்தப்படும் தண்ணீர் அந்த எல்லையைப் போல 100 மடங்கு. அவர் ஆசைப்படும் 100 பிபிஎம் ஆயிரம் மடங்கு. குடிநீர் நாள் முழுவதும் குடிப்பது, இது ஒரு ஸ்பூன்தானே என்பீர்கள். சரி, அப்படியே பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாழ்நாள் முழுக்க தினமும் உள்ளே போனாலும் பாதகமில்லை என்று வைத்திருக்கும் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.3 மில்லிகிராம். 10 பிபிஎம் தண்ணீரில் அது 30 மில்லி. 100 பிபிஎம்மில் 3 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. செறிவைக் கூட்டுகிறவர் குடிக்கும் அளவைக் குறைக்கிறாரா என்றால் அதுவும் இல்லை, 'கெட்டி, நல்ல பவர்' என்று அதே டம்ளரைத்தான் நிரப்புகிறார். 100 பிபிஎம்மை தினம் 100 மில்லி குடித்தால் நாளைக்கு 10 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உள்ளே எடுத்தாலும் கெடுதல் தெரியாது என்று குறிப்பிடும் மொத்த வெள்ளி 10 கிராம். அதை மூன்று வருடத்துக்குள் குடித்து முடித்துவிடலாம்.

குடித்தால் என்ன ஆகும்? ஆர்ஜிரியா. வெள்ளி இரத்தத்தில் சுற்றித் தோலில் படிந்து, வெயில் படும் இடத்தில் ஒளியால் உலோகமாக மாறிக் கறுக்கிறது. போட்டோ தாளைச் சொன்னேனே, அதே வினை இப்போது முகத்தில். முகம், கை, நகத்தின் அடி எல்லாம் சாம்பல் நீலமாகும். அமெரிக்காவில் மோன்டானா மாநிலத்தில் ஸ்டான் ஜோன்ஸ் என்று ஒருவர், 1999ல் ஒய்டூகே பயத்தில், அதாவது 2000 பிறந்ததும் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்ற பயத்தில், நாளைக்கு ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று வீட்டிலேயே இதைத் தயாரித்துக் குடிக்க ஆரம்பித்தார், 2002ல் செனட் தேர்தலில் நீலமுகத்தோடு நின்றார். பால் காரசன் என்பவரை டிவியில் பலர் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் தாடிக்குள் நீல முகம். அவரும் வீட்டுத் தயாரிப்புதான், குடித்ததோடு தோலிலும் தடவினார். 2013ல் இறக்கும் வரை நிறம் திரும்பவில்லை. லேசர் சிகிச்சையில் சிலருக்கு ஓரளவு வெளுத்திருக்கிறது, ஆனால் படிந்த வெள்ளியை உடம்பிலிருந்து வெளியேற்றும் மருந்து கிடையாது. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

'அப்படியானால் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் ஊற்றினார்களே, வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடித்தார்களே, முன்னோர் முட்டாள்களா' என்று கட்டாயம் ஒரு கடிதம் வரும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாலாடையிலிருந்து பாலுக்குப் போகும் வெள்ளி மிக மிகக் கொஞ்சம். அங்கே யாரும் 27 வோல்ட் கொடுத்துக் கழற்றவில்லை. சித்தத்தில் வெள்ளிப் பற்பம் இருக்கிறது, அது சுத்தி செய்து புடம்போட்டு வைத்தியர் அளந்து கொடுக்கும் வேறு பொருள், அதன் பெயரைச் சொல்லி ஜாடித் தண்ணீரை நியாயப்படுத்துவது சித்த வைத்தியருக்கே பிடிக்காது. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு எல்லா மருந்துக்கடையிலும் இருக்கிறது, வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புண்ணின் மேல் கொல்வது வேறு. வயிற்றுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்துக்கொண்டிருக்கிறது, கரைந்த வெள்ளி உள்ளே போனதும் பெரும்பகுதி சில்வர் குளோரைடாகிவிடும், உப்புப் போட்ட ஜாடியில் நடந்ததுதான்.

வெள்ளியைத் தண்ணீரில் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013ல் வெளியிட்ட நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வைப் பாருங்கள். வெள்ளி நானோ துகளை ஒரு சட்டகத்துக்குள் பிடித்துவைத்து, தண்ணீருக்குள் அயனி லிட்டருக்கு ஏறக்குறைய 0.04 மில்லிகிராம் மட்டுமே, அதுவும் கூடாமல் குறையாமல் தொடர்ந்து வரும்படி செய்தார்கள். கிருமிக்கு அது போதும். அங்கே மண்டையை உடைத்துக்கொண்டது செறிவை ஏற்றுவதற்கு இல்லை, இறக்கி ஒரே அளவில் நிறுத்துவதற்கு. நம் ஜாடிக்காரர்கள் அந்த அளவை முதல் சில நிமிடத்திலேயே தாண்டிவிட்டு, இன்னும் ஏறவில்லையே என்று கவலைப்படுகிறார்கள்.

எனக்குக் கோபம் தயாரிக்கிறவர்கள் மேல் இல்லை, சொன்னால் நம்புங்கள். பேட்டரி, கம்பி, லேசர் என்று வீட்டில் உட்கார்ந்து ஒருவர் மின்பகுப்புச் செய்வதைப் பார்த்தால் ஆசிரியனாக எனக்குச் சந்தோஷம்தான், மாணவர்கள் இந்த ஆர்வத்தில் பாதி காட்டியிருந்தால் போதும். விற்கிறவர்கள் மேல்தான் கோபம். 2020 மார்ச்சில் கொரோனா பயம் தொடங்கிய உடனே அமெரிக்காவில் ஜிம் பேக்கர் என்ற டிவி போதகரின் நிகழ்ச்சியில் சில்வர் கரைசலை விற்றதற்காக மிசௌரி மாநில அரசு வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் புற்றுநோய், சர்க்கரை என்று பட்டியல் போட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கும்போதே, '500 பிபிஎம், 1000 பிபிஎம்' என்று பாட்டிலில் பெரிய எழுத்தில் போட்டு விற்பதால்தான், வீட்டில் 15 வருகிறவருக்குத் தன்னுடையது மட்டம் என்ற எண்ணம் வருகிறது. அந்த 500 எப்படி அளந்தது, அயனி எவ்வளவு, துகள் எவ்வளவு என்று பாட்டிலில் எங்கேயும் இருக்காது.

ஆசிரியர் அவர்களே, இதை முழுக்க வெளியிட இடம் இல்லையென்றால் மேலே உள்ள வேதியியலை எல்லாம் வெட்டிவிடுங்கள், ஆட்சேபணை இல்லை. இந்தப் பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். ஏற்கனவே குடித்துக்கொண்டிருக்கிறவர்களில் தைராய்டுக்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆன்டிபயாடிக் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். வெள்ளி இந்தத் தைராக்சினையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். தைராய்டு இரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்ஹெச் அளவு ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் மருத்துவர் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போவார், நோயாளியோ வெள்ளித் தண்ணீரை மருந்தாகவே நினைக்காததால் சொல்லவும் மாட்டார். அடுத்த முறை போகும்போது, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, எத்தனை நாளாக எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.